படம் எடுக்கப் போனோமா, பாட்டியைப் பார்க்கப் போனோமா?



இதை எழுதலாமா வேண்டாமான்னு ஒரு வாரமா யோசித்தோம். எழுதினால் நம்ம ஆளுங்களுக்கே கோபம் வரும். வரட்டும். முதல் தப்பு எங்களுடையது, அதனால் எங்களிடமிருந்தே ஆரம்பிக்கிறோம்.

2021-ல் கோயில் தொண்டர்கள் நாங்கள் ஏழு பேர் ஒரு பிளாட் வீட்டுக்கு உதவிப் பொருள் கொண்டு போனோம். வெள்ளைக் கொடி கட்டியிருந்த வீடு, நாலாவது மாடி. எண்பதை நெருங்கும் பாட்டி. இனிப்புநீர் வியாதி, கால் விரல் ஒன்றை எடுத்தாச்சு, படுக்கையை விட்டு அதிகம் எழ முடியாது. துணைக்கு மகள் ஒருவர்தான். அவருக்கு நாள் சம்பள வேலை.

அரிசி, எண்ணெய், மைலோ, சார்டின் எல்லாம் தூக்கிக்கொண்டு போனோம். கிரில் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்திருக்கலாம். ஏழு பேரும் உள்ளே போனோம். ஜன்னல் சாத்திய சின்ன அறை. கட்டிலைச் சுற்றி நின்று பேனரைப் பிடித்தோம். "பாட்டி, முகக்கவரிய கொஞ்சம் எறக்குங்க, முகம் தெரியல" என்று சொன்னதும் எங்களில் ஒருவர்தான். பாட்டி சிரிச்சாங்க. படம் நல்லா வந்தது. லைக் நிறைய விழுந்தது.

மூன்றாம் நாள் எங்களில் ஒருவருக்குக் கோவிட் உறுதியானது.

பாட்டிக்கும் மகளுக்கும் பரிசோதனை எடுத்தார்கள், தொற்று இல்லை. ஆனால் தனிமைப்படுத்தல் முடியும் வரை மகள் வேலைக்குப் போகவில்லை, சம்பளமும் இல்லை. நாங்கள் கொடுத்த சாமானைவிட அவர் இழந்த சம்பளம் அதிகம். அப்போ நாங்கள் கொடுத்தோமா, எடுத்தோமா?

"அம்மன் காப்பாத்திட்டா" என்று சிலர் சொன்னார்கள். காப்பாற்றினாள், உண்மைதான். ஆனால் யாரிடமிருந்து? எங்களிடமிருந்து!

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி நாட்டில் ஒரே நாளில் 20,000 பேருக்கு மேல் தொற்று. அப்போது கிள்ளான் பள்ளத்தாக்கு ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்தன. அறிகுறி இல்லாத முதல் வகை, லேசான அறிகுறி உள்ள இரண்டாம் வகை நோயாளிகளில் பெரும்பாலானோர் வீட்டில்தான் இருந்தார்கள். ஆக, வீடே அப்போ வார்டு. அந்த வார்டுக்கு நர்ஸ் யார்? மகள், மருமகள், பேரப்பிள்ளை. அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

"அப்போ யாரும் போகாம இருந்தா பாதுகாப்புதானே?" என்று கேட்பவர்களுக்கு: இல்லை, அதுவும் தப்பு. சுகாதார அமைச்சின் அப்போதைய தினசரி இறப்புக் கணக்கில், ஆஸ்பத்திரிக்கு வரும் முன்பே இறந்தவர்களைத் தனியாகக் குறிப்பிட்டார்கள். கூட்டமாகப் போவதும் ஆபத்து, கைவிடுவதும் ஆபத்து.

"ரெண்டு ஊசியும் போட்டாச்சு" என்பவர்களுக்கு: ஊசி உங்கள் நோயின் கடுமையைக் குறைக்கும், கண்டிப்பாகப் போடுங்கள். ஆனால் ஊசி போட்டவரும் கிருமியைச் சுமக்கலாம். அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே பரப்பலாம். "எனக்கு ஒன்னுமில்ல" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

"படம் போட்டாத்தான் நன்கொடை வரும்" என்பவர்களுக்கு: சாமானை மேசையில் அடுக்கிப் படம் எடுங்கள். கடை பில்லைப் போடுங்கள். பாட்டியின் முகம் எதற்கு? பசியில் இருப்பவருக்கும் மானம் உண்டு. ஒரு பேனர் அடிக்கிற காசுக்கு ஓர் ஆக்சிமீட்டர் வாங்கலாம் என்பதையும் நிர்வாகம் யோசிக்கட்டும்.

எங்களில் பலர் ஃபேக்டரியில் வேலை செய்பவர்கள். அங்கே ஒரு மெஷின் ஓடினால் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்து, அளவை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். ஒரு தடவை விட்டால் சூப்பர்வைசர் சும்மா இருக்க மாட்டார். இரும்புக்கு சார்ட் இருக்கு, பெத்த தாய்க்கு இல்லை!

அதனால் எங்கள் குழுவில் முறையை மாற்றிவிட்டோம். மற்ற கோயில்களும் இதைச் செய்யணும் என்று கேட்கிறோம்.

ஒரு வீட்டுக்கு ஒரே தொண்டர். சாமான் கிரில் வாசலில், பேச்சு போனில். காலையும் மாலையும் கூப்பிடணும். கூப்பிட்டேன் என்று எழுதி வைக்கணும்.

ஆக்சிமீட்டரை வீட்டுக்கு இரவல் கொடுக்கிறோம். நகப்பூச்சு இல்லாத விரலில், கை சில்லென்று இல்லாமல், உட்கார்ந்து ஓய்வாக இருக்கும்போது பார்க்கணும். 95-க்குக் கீழே இறங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, "கொஞ்ச நேரம் பார்ப்போம்" கிடையாது. உடனே 999. சிலருக்கு ஆக்சிஜன் இறங்கினாலும் மூச்சுத் திணறல் தெரியாது. வயதானவர்களுக்குக் காய்ச்சல்கூட வராமல், சாப்பாடு வேண்டாம் என்பார்கள், பேச்சு குழம்பும், அசந்து கிடப்பார்கள். "வயசாச்சு, அப்படித்தான்" என்று விடாதீர்கள்.

வீட்டில் பார்த்துக்கொள்பவர் ஒருவராக இருக்கட்டும். அறைக்குள் போகும்போது இருவருக்கும் முகக்கவரி. மூச்சுத் திணறும் நோயாளிக்கு மட்டும் போட்டு அடைக்க வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், இது காற்றில் பரவுகிற நோய். சர்க்கரை, பிரஷர் மருந்தை நிறுத்தாதீர்கள். சானிட்டைசர் தடவிய ஈரக் கையோடு விளக்கு ஏற்றாதீர்கள், தீப்பிடிக்கும்.

அந்த மகளை, மருமகளை மறக்காதீர்கள். அண்ணன் தம்பி நாலு பேர் இருந்தும் பெம்பர்ஸ் மாற்றுவதிலிருந்து எல்லாமே ஒரு பெண் தலையில்தான். மற்றவர்கள் வாட்ஸ்அப்பில் "அம்மா எப்படி?" என்று கேட்டால் கடமை முடிஞ்சதா? பக்கத்தில் போக முடியாவிட்டால் பணம் அனுப்புங்கள், சாப்பாடு வாங்கி வாசலில் வையுங்கள், ராத்திரி போனை எடுங்கள்.

அந்த ஆடி மாதம், கூழ் ஊற்ற முடியவில்லையே என்று பலருக்கு வருத்தம். எங்களுக்கும்தான். நாலாவது மாடியில் ஒருவருக்குக் காலையும் மாலையும் போன் அடித்தால் அதுவும் அம்மனுக்குச் செய்ததுதான்.

அந்தப் பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டோம், படத்தையும் எடுத்துவிட்டோம். "பரவால்ல கண்ணு, நாளைக்கும் கூப்பிடுவீங்களா?" என்று மட்டும் கேட்டாங்க. இன்று வரை கூப்பிடுகிறோம்.

உங்கள் தாமானில் தனியாக இருக்கும் பெரியவர் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். கீழே கமெண்டில் பெயரோ வீட்டு எண்ணோ போடாதீர்கள்.

திட்டுவதென்றால் தாராளமாகக் கமெண்டில் திட்டுங்கள். ஆனால் அடுத்த வீட்டுக்குள் ஏழு பேராக நுழையாதீர்கள்.

ஓம் சக்தி.