மொரிசியஸ் நாணயத்தாளும் எமது பிள்ளைகளின் தமிழும்

1998 ஆம் ஆண்டின் இறுதியில் மொரிசியஸ் தீவின் மத்திய வங்கி புதிய நாணயத்தாள்களை வெளியிட்டது. அதுகாறும் அந்நாட்டுத் தாள்களில் ஆங்கிலத்துக்கு அடுத்ததாகத் தமிழும், அதன்பின் இந்தியும் இடம்பெற்று வந்தன. புதிய தாள்களில் இந்தி மேலேறியது, தமிழ் கீழிறங்கியது. தமிழர் கொதித்தெழுந்தனர். அரசு அத்தாள்களை மீளப்பெற்று, பழைய வரிசைப்படியே 1999 இல் மீண்டும் அச்சிட நேர்ந்தது. சனத்தொகையில் நூற்றுக்கு ஆறு பேரளவேயான ஒரு சமூகம் தன் அரசைப் பணியவைத்த இச்செய்தியை எம்மவர் இன்றும் பெருமையுடன் எடுத்துரைப்பதுண்டு. பெருமைக்குரியதுதான். எனினும் அப்பெருமைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அதனை நோக்கவேண்டிய தேவை, அகதிகளாய்ச் சிதறி வாழும் எமக்கே அதிகம்.

ஒரு வரியின் இடத்துக்காகவா இத்தனை ஆரவாரம் என்று கேட்போர் அத்தீவின் வரலாற்றை அறியாதவர்கள். பிரெஞ்சுக்காரரின் ஆட்சியில், 18 ஆம் நூற்றாண்டிலேயே, புதுச்சேரிப் பக்கத்துக் கொத்தர்களும் தச்சர்களும் அங்கு கொண்டுசெல்லப்பட்டனர். போர்ட் லூயிஸ் துறைமுக நகரை எழுப்பிய கைகளில் அவர்களுடைய கைகளும் உண்டு. 1810 இல் தீவைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் 1835 இல் அடிமை முறையை ஒழித்தபோது கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. பீகாரிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக இலட்சக்கணக்கானோர் வந்திறங்கினர். அவர்கள் கால்வைத்த துறையான ஆப்பிரவாசி காட் 2006 இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. முந்தி வந்தவர் நாம் என்ற நினைவே அந்த நாணயத்தாள் வரிசைக்குள் இருந்தது.

இன்று அந்நாட்டவரில் இந்துக்கள் அரைவாசிக்குச் சற்றுக் குறைவு. கிறிஸ்தவர் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. முஸ்லிம்கள் ஆறிலொரு பங்கு. ஆபிரிக்க அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்களும் சீனரும் பிரெஞ்சு வம்சாவளியினரும் உள்ளனர். அரச மதம் என ஒன்றில்லை. தைப்பூசக் காவடி, மகாசிவராத்திரி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, நத்தார் ஆகிய யாவும் பொது விடுமுறைகள்.

தேசியச் சின்னங்களும் அவ்வாறே. 1968 மார்ச் 12 இல் ஏற்றப்பட்ட கொடியில் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என நான்கு பட்டிகள் மட்டுமே உள்ளன. எந்த இனத்தின் விலங்குமில்லை, வாளுமில்லை. அரச இலச்சினையைத் தாங்கி நிற்பவற்றுள் ஒன்று டோடோ. 17 ஆம் நூற்றாண்டிலேயே அழிந்துபோன அப்பறவையை எந்தச் சாதியாரும் தமதெனக் கொண்டாட முடியாது. 1992 இல் தேசிய மலராகத் தெரிவான பூவோ, தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த லெ மோர்ன் மலைக்கே உரியது. 100 ரூபாய்த் தாளில் ரங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ் அரசியல்வாதியின் முகம். ஏனைய தாள்களில் சீனர், முஸ்லிம், இந்து, கிரியோல் தலைவர்களின் முகங்கள். சண்டையே இல்லாத நாடென்று நாம் கூறவில்லை. சுதந்திரத்துக்கு முன்னர், 1968 சனவரியில், போர்ட் லூயிசில் இரத்தம் சிந்தியது. 1999 பெப்ரவரியில் கிரியோல் பாடகர் ஒருவர் பொலிஸ் காவலில் இறந்தபோது நாடே கொந்தளித்தது. ஆயினும் சின்னங்களை வைத்து ஒருவரையொருவர் வெளியே தள்ளவில்லை.

எமது தீவில் நடந்தது வேறு. 1951 இல் ஏற்கப்பட்ட கொடியில் வாளேந்திய சிங்கத்துக்குப் புறம்பாக இரு பட்டிகள் எமக்கும் முஸ்லிம்களுக்கும் ஒதுக்கப்பட்டன. 1972 யாப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்கியது. இத்தனைக்கும் அந்நாட்டு நாணயத்தாளில் தமிழ் ஒருபோதும் இல்லாமற் போகவில்லை! 1956 இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழியானபோதும், 1981 இல் யாழ் நூலகம் எரிந்தபோதும் எங்கள் சட்டைப்பையிலிருந்த தாளில் தமிழ் இருந்தது. தாளிலுள்ள எழுத்து எதற்குக் காவல், எதற்குக் காவலில்லை என்பதை எம்மைவிட அறிந்தவர் யார்?

மொரிசியஸ் தமிழரின் மறுபக்கமும் இதுவே. தாளில் தமிழை மீட்டவர்களின் வீடுகளிற் பேசப்படுவது கிரியோல். தமிழை வீட்டுமொழியாகக் கொண்டோர் இன்று மிகச் சிலரே. பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் உருமாறிவிட்டன. வாழையிலையில் ஏழு கறி பரிமாறுகிறார்கள்; இரசம் 'ரசோன்' ஆகவும் முருங்கையிலை 'பிரெத் முரூம்' ஆகவும் நாவில் எஞ்சியிருக்கின்றன. சனத்தொகைக் கணக்கெடுப்பில் மதம் என்ற கேள்விக்குத் 'தமிழ்' என்றே பலர் பதிலளிப்பதுண்டு. மொழியின் பெயர் மதத்தின் பெயராகிவிட்டது. ஏளனத்துக்குரிய செய்தியல்ல இது. கரும்புத் தோட்டத்தில் விடியுமுன் எழுந்து உழைத்தவர்கள், பள்ளிக்கூடமில்லாத காலத்தில், கோயிலைப் பற்றிக்கொண்டே தமிழரென்ற பெயரைக் காத்தார்கள். மொழி கைநழுவிய பின்னரும் காவடி கைநழுவவில்லை.

எமக்கு அந்த நியாயம் கிடையாது. ஒப்பந்தக் கூலிகளுக்கு வாய்க்காத வசதியும் கல்வியும் எம்மிடம் உண்டு. கோயில்களைப் பெருஞ்செலவில் எழுப்பியிருக்கிறோம். தேர் வீதியில் ஓடுகிறது. கலைவிழா மேடையில் ஏறும் சிறுமி வேற்றுமொழி எழுத்தில் எழுதிவைத்த தமிழை மனனஞ்செய்து ஒப்புவிக்கிறாள், நாமும் கைதட்டுகிறோம். இறங்கி வந்ததும் தாயுடன் அவள் பேசுவது வேறு மொழி. தாயும் அம்மொழியிலேயே பதிலிறுக்கிறாள். இரு நூற்றாண்டில் அங்கு நிகழ்ந்ததை ஒரு தலைமுறையில் நாம் நிகழ்த்திக்கொண்டிருக்கிறோமோ என்ற அச்சம் எமக்குண்டு.

தமிழ்ப் பள்ளி நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை வீட்டில் தமிழ் பேசும் என்று கருதி ஊரில் எழுதப்பட்ட பாடநூலை, தமிழே பேசாத பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு அது படிக்கவில்லையென்று வருந்துவது பயனற்றது. மொரிசியஸ் அரச பள்ளிகளில் தமிழ் விருப்பப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவகம் அதற்கான பாடநூல்களை ஆக்கி வருகிறது. அந்நூல்களை வரவழைத்து, எமது ஆசிரியர்கள் ஒருமுறை கூடிப் பார்க்கலாம். அடுத்த பள்ளியாண்டு தொடங்குமுன் அதனைச் செய்யக்கூடாதா?