ஒன்றேகால் மணி விமானமும் ஒரு நாள் பயணமும்

கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு ஆகாய வழியில் சுமார் 650 கி.மீ. பலாலியிலிருந்து அதில் பாதிதான், ஏறத்தாழ 355 கி.மீ. ஆனாலும் அட்டவணையில் இரண்டுக்கும் ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி வரைதான். காரணம் எளிது. கொழும்பிலிருந்து பறப்பது ஜெட் விமானம். பலாலிக்கு வருவது காற்றாடி பூட்டிய சிறிய ஏ.டி.ஆர் விமானம். தூரம் குறைந்தால் நேரமும் குறையும் என்பது இங்கேயே பொய்த்துவிடுகிறது.

மலையகத்தில் இந்தக் கணக்கு இன்னும் மோசம். ஹட்டனிலிருந்து கினிகத்தேன, கித்துல்கல, அவிசாவளை வழியாக விமான நிலையம் போக நான்கைந்து மணித்தியாலம். லயத்திலிருந்து ஹட்டன் டவுனுக்கு இறங்கும் நேரம் வேறு. மூன்று மணித்தியாலம் முன்னதாக அங்கே நிற்கவும் வேண்டும். மொத்தப் பயணத்தில் ஆகாயத்தில் கழிவது ஏழில் ஒரு பங்குதான்.

2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது வடக்குக்குப் பெரிய ஆறுதல். போரில் சிதறிய குடும்பங்கள் கொழும்பைச் சுற்றாமல் சந்திக்க வழி பிறந்தது. ஆனால் ஹட்டன்காரருக்கு யாழ்ப்பாணம் 300 கி.மீ.க்கும் அப்பால், ஓர் இரவுப் பஸ் பயணம்.

முன்பு வேறொரு வழி இருந்தது. ஹட்டனில் ரயிலேறி, பொல்கஹவெலயில் மாறி, தலைமன்னாரில் கப்பலேறினால் இராமேஸ்வரம். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்று ஒதுக்கியபோது, அண்ணனை அங்கும் தங்கையை இங்குமாகப் பிரித்துக் கொண்டுபோனதும் இதே வழிதான். 1984இல் யுத்தத்தோடு கப்பல் நின்றது. 2023இல் தொடங்கிய நாகபட்டினம் கப்பலும் காங்கேசன்துறைக்குத்தான் வருகிறது.

கோத்தகிரியில், கூடலூரில் ஒரு சாவு விழுந்தால் இங்குள்ள கூடப்பிறந்தவர் முகம் பார்க்க முடியுமா? சென்னையில் இறங்கிய பிறகும் கோயம்புத்தூர் வரை இரவு ரயில், அதன்பின் மலையேற்றம். விசா எடுக்கும் நாள்களை நான் சேர்க்கவேயில்லை. அங்கே பிணத்தை அவ்வளவு நேரம் வைத்திருக்க மாட்டார்கள். பெரும்பாலானோருக்கு வாட்ஸ்அப் வீடியோதான் கடைசி முகம்.

வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போகும் பெண்களுக்கும் இதே கதை. துபாய் 3,300 கி.மீ., ஐந்து மணித்தியாலத்துக்குள். தோட்டத்திலிருந்து கட்டுநாயக்க வரும் நேரமும் கிட்டத்தட்ட அவ்வளவே.

அதேவேளை, ஹட்டனுக்குப் பக்கத்துக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் நீர்விமானம் இறங்குவதும் நடந்திருக்கிறது. கட்டுநாயக்கவிலிருந்து அரை மணித்தியாலமளவில், பழைய துரைமார் பங்களாக்களில் தங்கவரும் சுற்றுலாப் பயணிகளுக்காக. ஆக, மலைக்குக் குறுக்கு வழி இல்லாமல் இல்லை. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளமாக வர்த்தமானியில் வந்தது 1,350 ரூபா. நீர்விமானத்துக்கு வேண்டாம், இரவில் விமான நிலையத்துக்கு வாடகை வேன் பிடிக்கவே அது எத்தனை நாள் கொழுந்து என்று எண்ணிப் பாருங்கள்.

ஹட்டனிலிருந்து விமான நேரங்களுக்கேற்ற அரச பஸ் ஒன்று கேட்பது அப்படியொன்றும் பெரிய கோரிக்கையல்ல. புதிய விமானப் பாதைகளுக்கு நாடா வெட்டுகிறவர்கள் இதையும் மேடையில் சொல்லட்டும்.