வியட்நாமின் அடுக்களை ஒன்றன்று

திருவான்மியூரிலும் அதனை அடுத்த அடையாறு, பெசன்ட் நகர்ப் பகுதிகளிலும் அயல்நாட்டுச் சமையலைப் பரிமாறும் உணவகங்கள் பெருகிவரும் இந்நாளில், வியட்நாமிய உணவைப் பற்றிய ஓர் அபிப்பிராயம் படித்தவர் நாவில் திரும்பத் திரும்ப வழங்கி, மறுப்பார் இன்மையால் ஏறக்குறைய சித்தாந்தமாகவே நிலைபெற்றுவிட்டது. அந்நாட்டு உணவென்றால் ஃபோ என்னும் நூடுல்ஸ் சூப்புதான், அதுவும் சீனச் சமையலின் ஒரு கிளை, காரமோ மசாலையோ அற்றது, மாமிசமின்றி நடவாதது, ஆகவே நமக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பது அதன் சாரம். இவற்றுள் ஒன்றிரண்டில் பாதி உண்மை உண்டு. அதை உரிய இடத்தில் ஒப்புக்கொள்வேன். ஆயினும் அவற்றிலிருந்து பெறப்படும் முடிவு முற்றிலும் பிழையானது.

முதற்கண், ஒரே உணவு என்னும் கூற்றை எடுத்துக்கொள்வோம். வடகோடியிலிருந்து தென்கோடிவரை ஏறக்குறைய 1,650 கிலோமீட்டர் நீண்டு கிடப்பதும், வடக்கே செந்நதிச் சமவெளியில் மெய்யான குளிர்காலத்தையும், தெற்கே மீகோங் கழிமுகத்தில் ஆண்டு முழுவதும் நீங்காத வெப்பத்தையும், இடையே மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிப் புயலுக்கு இலக்காகும் கரையையும் உடையதுமான ஒரு தேசத்தில், ஒரே பாகம் எங்ஙனம் நிலவக்கூடும்? ஃபோவையே பார்ப்போம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடபகுதியில் உருப்பெற்ற பதார்த்தம் அது. மாட்டெலும்பை நெடுநேரம் கொதிக்கவைத்து, சுட்ட இஞ்சியும் வெங்காயமும், நம் பிரியாணிக்கு மணம் கூட்டும் அன்னாசிப்பூவும் பட்டையும் சேர்த்து இறக்கிய தெளிந்த சாற்றில், அரிசி நூடுல்ஸை இட்டு வெங்காயத்தாள் தூவி உண்பது ஹனோய் நகரத்தார் வழக்கம். அதில் மேலும் எதையேனும் கலப்பதை அவர்கள் அவ்வளவாக விரும்புவதில்லை. 1954இல் ஜெனீவா உடன்படிக்கையால் நாடு இரண்டாகப் பிரிந்தபோது எட்டு லட்சம் முதல் பத்து லட்சம் மக்கள் வடக்கிலிருந்து தெற்கே குடிபெயர்ந்தனர். அவர்களோடு சென்ற ஃபோ, சைகோனில் இனிப்பு மிகுந்து, முளைகட்டிய பயறும் துளசி இனத்துப் பச்சிலைகளும் எலுமிச்சையும் இனிப்புக் கூழ்ச்சாறும் ஏற்று வேறொன்றாயிற்று. எந்த ஒன்றைக் காட்டி ‘எல்லாம் ஒன்றே’ என்கிறார்களோ, அந்த ஒன்றே இரண்டாக இருக்கிறது.

நடுப்பகுதிக்கு வந்தால் காட்சி முழுவதும் மாறுகிறது. 1802 முதல் 1945 வரை நுயென் அரசவம்சத்தின் தலைநகராக விளங்கிய ஹுவே நகரில், அரண்மனைச் சம்பிரதாயத்தின் செல்வாக்கால், சிறு சிறு கிண்ணங்களில் பலவகைப் பண்டங்களை வரிசையாக வைத்து உண்ணும் நாகரிகம் வளர்ந்தது. சிறு வட்டில்களில் அரிசிமாவை ஊற்றி ஆவியில் வேகவைத்து, உலர்ந்த இறால் தூள் தூவித் தரும் பான் பேயோ அவ்வகையைச் சேர்ந்தது. அதே நகரின் பூன் போ ஹுவே என்னும் நூடுல்ஸ் சாறோ, எலுமிச்சைப் புல்லும் புளிக்கவைத்த இறால் விழுதும் மிளகாயும் சேர்ந்து, நாவிலும் கண்ணிலும் நீர் வரவழைக்கும் தன்மையது. இன்னும் சற்றுத் தெற்கே குவாங் நாம் பகுதியில், மஞ்சளேறிய அகன்ற நூடுல்ஸின்மேல் சாற்றைச் சிறிதளவே ஊற்றி, வேர்க்கடலையும் சுட்ட அரிசி அப்பளமும் நொறுக்கிப் போட்டுத் தருகின்றனர். அதன் பெயர் மீ குவாங். இதனை ஃபோவின் வகையென்று அவ்வூரார் எவரிடமேனும் சொன்னால் அவர் மனம் நோகும்.

தெற்கோ மற்றோர் உலகம். மீகோங் கழிமுகத்தின் கான் சுவா என்னும் புளிச்சாற்றில் சேரும் பொருள்களைக் கேளுங்கள்: விரால் மீன், புளி, வெண்டைக்காய், சேம்பின் தண்டு, தக்காளி, அன்னாசிப்பழம், சிறிது சர்க்கரை. நம் வீடுகளில் மீன் குழம்பு வைத்துப் பழகிய எவரும் அன்னாசியையும் சர்க்கரையையும் கண்டு ஒரு கணம் திகைக்கலாமேயன்றி, மற்றவற்றை அந்நியமென்று தள்ளமாட்டார். அரிசிமாவில் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் கரைத்து, உள்ளே இறாலும் பயற்றுமுளையும் வைத்து மடிக்கும் பான் சேயோ, தெற்கே தட்டை நிறைக்கும் அளவினதாகவும், நடுப்பகுதியில் உள்ளங்கையளவினதாகவும் இருக்கிறது. புத்தாண்டுக்கு இடும் பச்சைப்பயறு பொதிந்த ஒட்டரிசிக் கட்டைக்கூட வடக்கே சதுரமாகவும், தெற்கே வாழையிலையில் உருளையாகவும் கட்டுகிறார்கள். அரிசிம்பருப்புச் சாதத்தையும் நாஞ்சில் நாட்டுத் தீயலையும் நெல்லைச் சொதியையும் ‘மதராசி உணவு’ என்ற ஒரே பெயரில் வடநாட்டார் அடக்கும்போது நமக்கு எழும் வருத்தம் நியாயமானது என்றால், ஹுவே நகரத்தாருக்கு எழும் வருத்தமும் நியாயமானதே.

சீனச் சமையலின் கிளை என்பது இரண்டாவது வாதம். கி.மு. 111 முதல் கி.பி. பத்தாம் நூற்றாண்டு வரை ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் அந்நாட்டின் வடபகுதி சீனப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது என்பதும், உண்ணும் குச்சிகளும் நூடுல்ஸும் சோயா மொச்சைப் பண்டங்களும் அவ்வழி வந்தவை என்பதும் உண்மையே. ஆனால் சமையலின் உயிர்நிலை எதுவென்று பார்க்க வேண்டும். வியட்நாமியப் பாகத்துக்கு உப்பும் சுவையும் தருவது, நெத்திலியையும் உப்பையும் மரத்தொட்டிகளில் அடுக்கி ஏறக்குறைய ஓராண்டு ஊறவைத்து வடிக்கும் மீன்சாறு. ஃபூ குவோக் தீவும் ஃபான் தியெட் நகரும் இதற்குப் பெயர்போனவை. வதக்காத பச்சிலைகளைத் தட்டு நிறையக் குவித்து ஒவ்வொரு கவளத்தோடும் சேர்த்து உண்பதும் அவர்களது விசேஷமே. ஹனோயில் மீன்துண்டுகளை மஞ்சளில் புரட்டிச் சதகுப்பைக் கீரையோடு வாட்டும் சா கா என்னும் பண்டத்தை எந்தச் சீன அடுக்களையோடு இணைப்பது? அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்த மிளகாய் இல்லாமல் இன்று நம் குழம்பு இல்லை. அதனால் நம் குழம்பைப் போர்த்துகீசியக் குழம்பென்று எவரும் அழைப்பதில்லை.

காரமற்றது என்னும் மூன்றாவது கூற்றுக்கு ஹுவே நகரமே போதிய மறுமொழி. வடக்கே காரம் குறைவு. அது அப்பிரதேசத்தின் ருசி. ஒரு பிரதேசத்தின் மென்மையைத் தேசம் முழுவதற்கும் ஏற்றுவது தர்க்கமாகாது.

நான்காவதான மாமிசம் பற்றிய கூற்றிலும் நான் முன்னர்ச் சொன்ன பாதி உண்மை இருக்கிறது. மேலே கூறிய மீன்சாறு, காய்கறிப் பதார்த்தங்களிலும் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். ஆகையால் சைவ உணவினர் கேட்டறிந்தே உண்ண வேண்டும். ஆனால் பௌத்த மதம் வேரூன்றிய அந்நாட்டில், சாந்திரமாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் புலால் நீக்கி உண்ணும் விரதம் மடங்களில் மட்டுமன்றி இல்லறத்தாரிடையேயும் பரவியிருக்கிறது. பௌர்ணமி நாளில் திருவான்மியூர் மருந்தீசுவரரைத் தரிசித்து விரதம் இருக்கும் நம்மூரார்க்கு இது எளிதில் விளங்கும். அந்நாள்களுக்கென்றே பலாப்பிஞ்சும் வாழைப்பூவும் காளானும் சோயாக்கட்டியும் கொண்டு, மீன்சாற்றுக்குப் பதில் சோயா சாறு சேர்த்து இயற்றும் தனிச் சமையல் அங்கு உண்டு. பௌத்தக் கோயில்கள் நிறைந்த ஹுவே அதில் தேர்ந்தது. மாட்டிறைச்சியை எல்லாரும் உண்பர் என்பதும் சரியன்று. நடு வியட்நாமின் மீ ஸோனில் நான்காம் நூற்றாண்டு முதல் பத்ரேஸ்வரர் என்ற திருப்பெயரில் சிவனை வழிபட்ட சம்பா நாட்டாரின் வழித்தோன்றல்களுள், இந்து சமயத்தைப் பேணும் பாலமோன் பிரிவினர் இன்றளவும் அதை விலக்குகின்றனர்.

எஞ்சியிருப்பது, நமக்குச் சம்பந்தமில்லை என்னும் கூற்று. இதுவே என்னை எழுதத் தூண்டியது. 1862 உடன்படிக்கையால் தென் வியட்நாமின் பகுதிகள் பிரெஞ்சுக்காரர் வசமான பின்னர், அவர்களது ஆட்சியிலிருந்த புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் பலர், 1881ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தம் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுப் பிரஜைகளாகி, சைகோனின் காவல்துறையிலும் வரி, சுங்க அலுவலகங்களிலும் உத்தியோகம் ஏற்றனர். நாட்டுக்கோட்டை நகரத்தார் மீகோங் நெல் விவசாயத்துக்குப் பணம் கடனளித்தனர். அவர்கள் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் இன்றும் சைகோனில் நிற்கிறது. அங்குள்ள மாரியம்மன் கோயிலில் வியட்நாமியப் பெண்களே பெருந்திரளாக வந்து ஊதுவத்தி ஏற்றுகின்றனர். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் கட்டிய பள்ளிவாசலும் அந்நகரின் நடுவில் உள்ளது. இத்தனை பேர் பல தலைமுறை வாழ்ந்த ஊரில் அவர்களது குழம்பு மட்டும் தங்காது போகுமா? தென் வியட்நாமில் ‘கா ரி’ என வழங்கும் கோழிக்குழம்பில் நம் மசாலைப் பொடியும் தேங்காய்ப்பாலும் இருக்கின்றன; அவற்றோடு அவர்களது எலுமிச்சைப் புல்லும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கூடியிருக்கின்றன; தொட்டு உண்பதோ பிரெஞ்சு ரொட்டியை. மூன்று நாடுகள் ஒரே தட்டில் அமர்ந்த இப்பதார்த்தம் வடக்கே அவ்வளவு வேரூன்றாமல் தெற்கே நிலைத்ததற்கு, அங்குக் குடியிருந்த தமிழர்களே பெருங்காரணம்.

கொடை ஒரு திசையில் மட்டும் நடக்கவில்லை. 1954இல் இந்தோசீனத்தில் பிரெஞ்சு ஆட்சி முடிந்தது. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் புதுச்சேரியும் இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது. அக்காலத்தும் அதன் பின்னரும் வியட்நாமிய மனைவியரோடும் மக்களோடும் புதுச்சேரிக்குத் திரும்பிய குடும்பங்கள், அரிசித்தாளில் பூரணம் வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் நெம் என்னும் பண்டத்தைத் தம் விருந்துகளில் விடாமல் போற்றின; இன்றும் அவ்வூர் வீடுகள் சிலவற்றில் அது வெளிநாட்டுப் பண்டமாகக் கருதப்படுவதில்லை. திருவான்மியூரில் தொடங்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை நம்மை அவ்வூருக்கு நேரே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அங்கிருக்கும் பாட்டிமார் பலர் தம் தாயாரிடம் கற்ற சைகோன் பாகத்தை எழுதிவைக்காமலே மூப்படைந்துவிட்டனர்.

ஆகவே இருவகையினரிடம் ஒரு விண்ணப்பம். நம் நகரில் வியட்நாமிய உணவு பரிமாறுவோர், தம் பட்டியலில் ஒவ்வொரு பண்டத்தின் அருகிலும் அது ஹனோயினுடையதா, ஹுவேயினுடையதா, சைகோனினுடையதா என்று குறித்துவைக்க வேண்டும். சைகோனில் வாழ்ந்த முன்னோரைக் குடும்பத்தில் உடைய வாசகர்கள், அவர்கள் சமைத்தவற்றையும் சமைத்த முறையையும் அறிந்த பெரியவர்களிடம் இப்பொழுதே கேட்டு, அளவோடும் பக்குவத்தோடும் தமிழில் எழுதிவைக்க வேண்டும்.