முட்டுக்கட்டை போடும் வித்தை

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் தேரோட்டத்தைக் கண்ட நேயர்கள் இரண்டு விஷயங்களைக் கவனித்திருப்பார்கள். எத்தனை பேர் வடம் பிடித்தாலும் தேர் உடனே புறப்படுவதில்லை. புறப்பட்டுவிட்டாலோ உடனே நிற்பதில்லை. வடம் பிடிப்பவர்களை ஊரே பார்க்கிறது. சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போடுகிறவரை யார் பார்க்கிறார்கள்? உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உழைக்கிறவர் அவரல்லவா!

மின்சாரத்திலும் இப்படி ஒரு தேர் உண்டு. செம்புக் கம்பியைப் பல சுற்றுச் சுற்றிச் செய்த சுருளே அது. அதில் மின்னோட்டம் மெள்ளத்தான் ஏறும். ஏறியபின் நிற்க மறுக்கும். அதன் சக்தி, சுருளைச் சூழ்ந்த காந்த மண்டலத்தில் குடியிருக்கிறது. ஓட்டத்தைத் திடீரென்று அறுத்தால் வோல்ட் பன்மடங்கு ஏறி, காற்றையே பிளந்துகொண்டு பொறி பாய்கிறது. தேர் பார்த்துவிட்டு இராஜபாளையம் திரும்பும் நூற்பாலைத் தொழிலாளிக்கு இது புதிதன்று. மோட்டாரின் ஸ்விட்சைப் பிரிக்கும்போது பளிச்சிடும் பொறியை அவர் அறிவார். பழைய குழல்விளக்கைச் சோக்கு ஏற்றி வைத்ததும் இந்த உதையினால்தான்.

1895-ல் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ் கம்பியில்லாமலே தொலைவில் மணியடிக்கச் செய்து, வெடிமருந்தையும் கொளுத்திக் காட்டினாரே, அந்த அலைகளைப் பிறப்பித்த பொறியும் இத்தகைய சுருள் தந்ததே.

போஸுக்கு வேண்டியது பொறி. உலோகத்தை ஒரு கணத்தில் வளைக்க விரும்புகிறவருக்கு வேண்டியதோ ஆயிரக்கணக்கான ஆம்பியர். அதற்கும் ஒரு யுக்தி உண்டு. 1924-ல் எர்வின் மார்க்ஸ் என்ற ஜெர்மானியர் கண்டென்சர்களைப் பக்கம் பக்கமாக இணைத்து மின்சாரம் ஏற்றி, பிறகு வரிசையாக்கி இறக்கினார், வோல்ட் பெருகியது. பிற்காலத்தார் இதைப் புரட்டிப் போட்டார்கள். சுருள்களை வரிசையாக இணைத்து ஓட்டத்தை ஏற்றி, பின் பக்கம் பக்கமாக்கி இறக்கினால் ஆம்பியர் பெருகும். பத்துச் சுருள்களில் 1,000 ஆம்பியர் ஓடினால், பளுவுக்கு ஏறக்குறைய 10,000 கிட்டும். ஆங்கில எழுத்தில் மார்க்ஸின் பெயரையே தலைகீழாக்கி இதற்கு 'எக்ஸ்ராம்' என்று நாமகரணம் செய்துவிட்டார்கள். அவருக்குச் சம்மதமோ என்னவோ!

ஆனால் சங்கடமெல்லாம் ஸ்விட்சில்தான் இருக்கிறது. புதுப்பாதை அமையுமுன் பழைய பாதையை அறுத்தால் ஸ்விட்சே வெந்துபோகும். முட்டுக்கட்டைக்காரர் தேரை மார்பு கொடுத்தா நிறுத்துகிறார்? கட்டையைச் சாய்த்து வைத்துச் சக்கரத்தைத் திருப்பிவிடுகிறார். அனுபவமுள்ள பொறியாளரும் அப்படியே. முன்பே மின்சாரம் ஏற்றிவைத்த சிறு கண்டென்சரிலிருந்து எதிரோட்டம் விட்டு, ஸ்விட்சினுள் ஓட்டத்தைக் கணநேரம் பூஜ்யமாக்குகிறார். அந்த இடைவெளியில் 'தைரிஸ்டர்' என்னும் ஸ்விட்சு அடைபடுகிறது. பெருவெள்ளம் பளுவின் பக்கம் திரும்பிவிடுகிறது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. நிலைக்கு வந்த தேர் அடுத்த திருவிழா வரையில் அங்கேயே நிற்கும். சுருளில் ஏற்றிய சக்தி அப்படிக் காத்திருப்பதில்லை; கம்பியின் தடையினால் வெப்பமாகக் கரைந்துகொண்டேயிருக்கும். ஏற்றிய சூட்டோடு இறக்கியாக வேண்டும்.