இலவச நாய்க் கருத்தடை: வீட்டு நாய்க்கும் தெருநாய்க்கும் நடுவே விடுபடும் குடிசைப் பகுதிகள்

புதுதில்லி: தெருநாய்களைக் கருத்தடை செய்து, தடுப்பூசி செலுத்தி, பிடித்த இடத்திலேயே மீண்டும் விட வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு 2025 ஆகஸ்ட் 22-ஆம் தேதி உத்தரவிட்டது. வெறிநோய் தாக்கிய நாய்களுக்கும் மூர்க்கத்தனம் கொண்ட நாய்களுக்கும் மட்டும் இதில் விலக்கு அளிக்கப்பட்டது. தில்லி மற்றும் அதன் சுற்றுப்பகுதிகளின் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்குமாறு ஆகஸ்ட் 11-ஆம் தேதி பிறப்பிக்கப்பட்ட உத்தரவு இதன்மூலம் மாற்றப்பட்டது. பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து மற்றும் ரயில் நிலையங்கள் போன்றவற்றின் வளாகங்களிலிருந்து அகற்றப்படும் நாய்களை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்று நவம்பர் 7-ஆம் தேதி நீதிமன்றம் அறிவுறுத்தியது.

காப்பகமா, கருத்தடையா என்ற விவாதத்தில் ஒரு கேள்வி மட்டும் பின்னுக்குத் தள்ளப்பட்டுள்ளது. ஏழை எளிய மக்கள் வாழும் குடியிருப்புகளில் வளரும் நாய்களுக்கான கருத்தடைச் செலவை யார் ஏற்பது என்பதே அக்கேள்வி.

விதி சொல்வது என்ன?

2001-ஆம் ஆண்டு விதிகளுக்குப் பதிலாக, விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் 2023 மார்ச் மாதம் அறிவிக்கை செய்யப்பட்டன. இவற்றின்படி, வளர்ப்பு நாய்க்குத் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கருத்தடை ஆகியவற்றைச் செய்ய வேண்டியவர் அதன் உரிமையாளர். தெருநாய்களுக்கு அப்பொறுப்பு உள்ளாட்சி அமைப்புகளைச் சாரும்.

தாளில் தெளிவாகத் தோன்றும் இந்தப் பிரிவினை, நெருக்கமான குடிசைப் பகுதிகளில் மங்கிவிடுகிறது. அங்குள்ள நாய்க்குப் பெயர் உண்டு; இரண்டு மூன்று வீடுகளில் மிச்சச் சோறு கிடைக்கும்; இரவில் சந்துக்குக் காவலும் அதுவே. ஆனால் கழுத்துப்பட்டையோ, உரிமமோ, கட்டி வைக்க இடமோ இல்லை. பிடிக்க வருவோரிடம் ஒரு குடும்பம் உரிமை கோரினால் அது வளர்ப்பு நாய் ஆகிறது; யாரையேனும் கடித்துவிட்டால் தெருநாய் ஆகிவிடுகிறது. இரு பட்டியல்களிலும் இடம்பெறாத இந்நாய்கள்தாம் கருத்தடையிலிருந்து எளிதில் தப்புகின்றன.

கட்டணச் சுமை

மயக்க மருந்து, அறுவை சிகிச்சை, அதன்பின் சில நாள் பராமரிப்பு என அனைத்தையும் சேர்த்தால், தனியார் மருத்துவமனையில் பெண் நாய்க்கான கருத்தடைக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவாகும். தினக்கூலியை நம்பி வாழும் குடும்பத்துக்கு இது எட்டாத தொகை. தெருநாய்க் கருத்தடைத் திட்டத்தில் நாய் ஒன்றுக்கு 800 ரூபாய் உதவித்தொகைக்கு மத்திய அரசின் திருத்தப்பட்ட திட்டம் வழிவகை செய்கிறது. வீட்டு நாய் என்று கருதப்படும் நாய்க்கு இந்த வாய்ப்பு கிட்டுவதில்லை.

பெண் நாயின் கருக்காலம் ஏறத்தாழ இரண்டு மாதங்கள். ஆண்டுக்கு இருமுறை வரை ஈனக்கூடிய அது, ஓர் ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகளைப் போடலாம். ஆண் குட்டியை வளர்க்கக் கேட்போர் உண்டு. பெண் குட்டிகளோ பெரும்பாலும் சந்தையிலும் குப்பைமேட்டிலும் விடப்படுகின்றன. உள்ளாட்சி அமைப்பு ஒருபுறம் கருத்தடை செய்துகொண்டிருக்க, மறுபுறம் தெருவுக்குப் புதிய நாய்கள் வந்துகொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடியின் விலை

2024-ஆம் ஆண்டில் நாட்டில் 37 லட்சத்துக்கும் அதிகமான நாய்க்கடிகள் பதிவானதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. வெறிநாய்க்கடி நோயால் ஆண்டுக்குச் சுமார் 5,700 பேர் உயிரிழப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. அறிகுறிகள் தோன்றிய பின் இந்நோயிலிருந்து மீள்வது அநேகமாக இயலாது.

அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம்தான். எனினும் கடிபட்ட நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என நான்கு முறை செல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும். பேருந்துக் கட்டணமும் சேரும். இடையில் ஓர் ஊசியை விட்டுவிடும் அபாயம் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கே அதிகம்.

ஜெய்ப்பூரின் பாடம்

கருத்தடை பலனளிக்குமா என்ற ஐயத்துக்கு ராஜஸ்தான் தலைநகர் ஜெய்ப்பூர் ஒரு விடை தருகிறது. அங்கு 1994-இல் தொடங்கிய திட்டத்தில் 2002 வரை சுமார் 25,000 நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யப்பட்டன. திட்டப் பகுதியின் பெண் நாய்களில் 65 சதவீதம் இதில் அடங்கின. நாய்களின் எண்ணிக்கை 28 சதவீதம் குறைந்ததாகவும், அப்பகுதியில் மனிதர்களுக்கு வெறிநாய்க்கடி நோய் ஏற்படுவது நின்றதாகவும் ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். பிந்தைய ஆய்வு ஒன்றில், நாய்க்கடிகளும் குறைந்தது தெரியவந்தது. குட்டிகளைக் காக்கும் தாய் நாய்களின் சீற்றம் தணிந்தது இதற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது.

ஒரே பகுதியில், பெண் நாய்களில் பெரும்பான்மையை எட்டும்வரை, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்ததே அங்கு பலன் தந்தது. நகரெங்கும் சிதறலாக நூறு அறுவை சிகிச்சைகள் செய்து கணக்குக் காட்டினால் இந்தப் பலன் கிட்டாது. ஒரு குடியிருப்பின் பாதி நாய்கள் 'வீட்டு நாய்' என்று ஒதுக்கப்பட்டால், அந்த இலக்கையும் எட்ட முடியாது.

எழும் ஆட்சேபங்கள்

உரிமையாளர் இருக்கும்போது பொதுப் பணத்தை ஏன் செலவிட வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் அவரால் செலவிட இயலாதபோது, பிறக்கும் குட்டிகளின் பொறுப்பு இறுதியில் உள்ளாட்சி அமைப்பிடமே வந்து சேர்கிறது. வசதி படைத்தோருக்குச் சலுகை சென்றுவிடாதிருக்க, குடும்ப அட்டை போன்ற ஏற்கெனவே உள்ள சான்றுகளைப் பயன்படுத்தலாம்.

கட்டணத்தை நீக்குவது மட்டும் போதாது. பிடித்துச் செல்லப்படும் நாய் திரும்பாது என்ற அச்சம் மக்களிடம் உண்டு. குடியிருப்புக்கு அருகிலேயே முகாம், விடுமுறை நாளில் பதிவு, நாய் திரும்பும் தேதி குறித்த சீட்டு ஆகியவை இந்த அச்சத்தைக் குறைக்கும். அவசரத்தில் செய்யப்படும் அறுவை சிகிச்சையில் ஒரு நாய் இறந்தாலும், அடுத்த முகாமுக்கு எவரும் வரமாட்டார்கள். எனவே பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர்களும் சிகிச்சைக்குப் பிந்தைய பராமரிப்பும் இன்றியமையாதவை. குப்பை அள்ளப்படாத சந்துகளில் உணவு கிடைக்கும்வரை நாய்கள் கூடுவதும் தொடரும்.

நாய்கள்வழிப் பரவும் வெறிநோயை 2030-க்குள் ஒழிப்பது இந்தியாவின் அறிவிக்கப்பட்ட இலக்கு. அதற்கு நாய்களில் குறைந்தது 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி சென்றடைய வேண்டும். கருத்தடைக்காக மேசைக்கு வரும் ஒவ்வொரு நாய்க்கும் அதே வேளையில் தடுப்பூசியும் செலுத்தப்படுகிறது. ஆகவே நகராட்சிகள் தங்கள் கருத்தடை ஒப்பந்தங்களில் 'குறைந்த வருவாய்க் குடும்பங்களின் நாய்களும் இலவசமாகச் சேர்த்துக்கொள்ளப்படும்' என்ற ஒரு வரியைச் சேர்ப்பது, கருத்தடை, தடுப்பூசி ஆகிய இரு இலக்குகளுக்கும் உதவும்.