பூத் தொடுக்கும் விரலுக்குக் கூலி என்ன?

கீரமங்கலம் பக்கத்துப் பெண்கள் பூத் தொடுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பேசிக்கொண்டே தொடுப்பார்கள். பிள்ளையை அதட்டிக்கொண்டே தொடுப்பார்கள். கண் எங்கோ இருக்கும். விரல் மட்டும் நாரைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, அடுத்த பூவுக்குப் போய்விடும்.

இந்த விரல்களில் ஒரு குரோஷா ஊசியைக் கொடுத்தால்? பழக அதிக நாள் ஆகாது. முனையில் கொக்கி உள்ள சிறு ஊசி ஒன்று, நூல்கண்டு ஒன்று. அவ்வளவுதான் முதலீடு. தறி வேண்டாம், மின்சாரம் வேண்டாம்.

முதலில் பின்னிப் பார்க்க ஏற்றது முக்கோணத் துண்டு. நுனியில் நாலைந்து சங்கிலிக் கண்ணியுடன் தொடங்க வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு ஓரத்திலும் கண்ணியைக் கூட்டிக்கொண்டே போனால், முக்கோணம் தானாக விரியும். நூல் தீர்ந்த இடத்தில் நிறுத்தலாம். அப்போதும் அது முக்கோணம்தான்!

அழகுக்குச் சோளப்பொரிப் பின்னல் போடலாம். ஒரே துளையில் ஐந்து கண்ணிகளை உயரமாகப் பின்ன வேண்டும். பிறகு ஊசியை உருவி, ஐந்தில் முதல் கண்ணியின் தலையில் நுழைத்து, கடைசிக் கண்ணியை அதன் வழியே இழுக்க வேண்டும். ஐந்தும் சேர்ந்து பொரி மாதிரிப் புடைத்துக்கொள்ளும். ஆசைப்பட்டு எல்லா வரிசையிலும் பொரி போட்டால் துண்டு கனத்துவிடும், நூலும் கரைந்துவிடும். நாலு வலை வரிசைக்கு ஒரு பொரி வரிசை போதும். புதுக்கோட்டை வெயிலுக்குக் கம்பளி எதற்கு? மெல்லிய பருத்தி நூலே நல்லது. மார்கழிப் பனிக்கும், பஸ் ஜன்னல் காற்றுக்கும் காதை மூட அது போதும்.

"பொழுதுபோக்கு வேலைதானே, இதற்கு என்ன கூலி?" என்று கேட்பவர்கள் உண்டு. அங்கேதான் தகராறு.

நாகர்கோவிலில் 1819-ல் வந்து சேர்ந்த மார்த்தா மால்ட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, தம் பள்ளிச் சிறுமிகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது கொக்கி ஊசி வேலை அல்ல, வேறு வகை. ஆனால் அடிமைப்பட்டிருந்த பெண்களில் சிலர் அந்த லேஸ் பணத்தைக் கொண்டே தங்கள் விடுதலையை வாங்கினார்கள்.

ஆந்திராவில் நரசாப்பூர் கதை வேறு. அங்கே தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் குரோஷா லேஸ் பின்னுகிறார்கள். சரக்கு வெளிநாடு போகிறது. 2024-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் மரியா மீஸ் என்ற ஜெர்மன் அறிஞர் 1982-ல் வெளியிட்ட நூல் வேறொன்றைச் சொன்னது. பின்னியவர்களை யாரும் தொழிலாளி என்று எண்ணவில்லை. "வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள்" என்றார்கள். கூலியும் அதற்கேற்ற அற்பக் கூலிதான். வியாபாரிகள் வளர்ந்தார்கள்.

இன்னொரு விஷயம். ஸ்வெட்டர் பின்ன இயந்திரம் உண்டு. அசல் குரோஷா பின்னலைத் தொழிற்சாலையில் செய்யும் இயந்திரம் கிடையாது. அதே தோற்றத்தில் இயந்திரத் துணிகள் வருகின்றன. அவை வேறு பின்னல். ஆகவே அசல் குரோஷா துண்டு ஒன்று அடிமாட்டு விலைக்குக் கிடைத்தால், யாரோ ஒரு பெண்ணின் கை அந்த விலைக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

புதுக்கோட்டைப் பெண்களை ஏமாற்றுவது எளிதல்ல. 1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் எழுத்தும் கணக்கும் கற்றார்கள். கேலி பேசியவர்கள் முன்னாலேயே சைக்கிளும் ஓட்டினார்கள். அந்தக் கணக்கு இங்கே உதவும். ஏனென்றால் முக்கோணத் துண்டில் ஒரு சூது இருக்கிறது. பாதி உயரம் வந்தால் பாதி வேலை முடிந்ததாகத் தோன்றும். உண்மையில் முடிந்தது கால் பங்குதான். 40 வரிசைத் துண்டில் முதல் 20 வரிசைக்கு 5 மணி நேரம் ஆனால், அடுத்த 20 வரிசைக்குச் சுமார் 15 மணி நேரம் ஆகும். மொத்தம் 20 மணி. இது தெரியாமல், "பத்து மணி நேர வேலை, மணிக்கு 50 ரூபாய்" என்று 500 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டால், கையில் நிற்பது மணிக்கு 25 ரூபாய்!

விலை பேசும் முன்னால் ஒரு துண்டை முழுக்கப் பின்ன வேண்டும். உட்கார்ந்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் பிள்ளையின் பழைய நோட்டில் குறித்து வைக்க வேண்டும். நூல் விலை தனி.