மணல்தான் துறைமுகம்

விழுப்புரம் மாவட்டக் கடற்கரையைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு முடிவு தயாராகவே இருக்கும்: இங்கே துறைமுகம் இல்லை, அதனால்தான் மீனவர் வாழ்வு விடியவில்லை. மேடையில் பேசுகிறவரும் இதைச் சொல்வார், திண்டிவனம் டீக்கடையில் பேப்பர் படிக்கிறவரும் இதைச் சொல்வார். கோட்டக்குப்பத்தில் தொடங்கி மரக்காணத்துக்கு வடக்கே கழுவெளி முகத்துவாரம் வரை ஏறத்தாழ 40 கிலோமீட்டர் கரை. கடலுக்குள் இரண்டு கல்சுவர் நீட்டிவிட்டால் விசைப்படகு வரும், ஐஸ் ஆலை வரும், ஏற்றுமதி லாரி வரும், கூடவே காசும் வரும் என்பது கணக்கு. மீனவர்களிலேயே பலர் இதைக் கேட்பதால், மறுத்துப் பேசுகிறவர் மீனவருக்கு எதிரி ஆகிவிடுகிறார். ஆனாலும் மறுத்தே ஆக வேண்டும். அந்தக் கணக்கு தப்பு என்பதற்கான ஆதாரம் இதே மாவட்டத்தின் தெற்கு எல்லையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கிடக்கிறது.

புதுச்சேரியில் அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்தில் 1986-க்கும் 1989-க்கும் இடையில் துறைமுகத்துக்காக இரண்டு கல்சுவர்கள் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆண்டில் ஏறக்குறைய எட்டு மாதம் அலை தெற்கிலிருந்து சாய்வாக வந்து மணலை வடக்கே தள்ளுகிறது. வாடைக் காலத்தில் கொஞ்சம் திரும்பி வருகிறது. கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம், ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர். குறுக்கே சுவர் வந்ததும் தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்து கரை அகன்றது. வடக்கே புதுச்சேரி நகரத்தின் கடற்கரை காணாமல் போனது. நகரத்தைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். நகரம் தப்பியது, அரிப்பு கல் முடிந்த இடத்துக்கு நகர்ந்தது. அங்கேயும் கொட்டினார்கள், அது இன்னும் வடக்கே போனது. இப்படியே எல்லை தாண்டி, தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று நம் மாவட்டத்துக் குப்பங்களில் வீடுகளும் வலைக்கூடங்களும் கடலில் விழுந்தன. துறைமுகம் ஒரு அரசின் ஆட்சியில், அதற்கான விலை இன்னொரு அரசின் குடிமக்கள் தலையில். அந்த மக்கள் தூண்டில் வளைவு கேட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மறியல் செய்கிறார்கள். வயிற்றெரிச்சல் நியாயமானது. ஆனால் தூண்டில் வளைவும் குறுக்கே நிற்கும் கல்தான். அதன் தெற்கே மணல் சேரும், வடக்கே இருக்கும் குப்பம் அடுத்த மறியலுக்குத் தயாராகும்.

இதெல்லாம் முன்கூட்டித் தெரியாத விஷயம் என்று யாரும் சொல்ல முடியாது. சென்னைத் துறைமுகத்துக்கு 1876-இல் கல் போடத் தொடங்கிய பிறகு தெற்கே மெரினா அகன்றுகொண்டே போனதும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்ததும் பொறியியல் மாணவர்கள் படிக்கும் பாடம். புதுச்சேரித் திட்டத்திலும் தெற்கில் சேரும் மணலை அள்ளிக் குழாய் வழியே வடக்கே கொடுக்கும் ஏற்பாடு காகிதத்தில் இருந்தது. சுவர் கட்டி முடிந்தது, மணலைக் கடத்தும் வேலை மட்டும் ஒழுங்காக நடக்கவில்லை. சுவர் ஒருமுறை கட்டித் திறப்புவிழா நடத்திவிடக் கூடியது. மணலை ஆண்டுதோறும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குத் திறப்புவிழா கிடையாது. அதே ஆற்று வாயைப் பயன்படுத்தும் தேங்காய்த்திட்டு துறைமுகத்து மீனவர்களோ முகத்துவாரம் மண்மேடிட்டுப் படகு தட்டுகிறது, தூர்வாருங்கள் என்று குரல் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆக, துறைமுகம் கிடைத்தவருக்கும் நிம்மதி இல்லை.

இனி, துறைமுகம் 'இல்லாத' கரை என்ன செய்கிறது என்று பார்ப்போம். கூனிமேட்டிலோ அனுமந்தையிலோ விடிகாலையில் ஃபைபர் படகு அலையின் முதுகில் ஏறி வந்து மணலில் மூக்கைக் குத்தி நிற்கும். டிராக்டர் இழுத்து மேட்டில் விடும். வலையை உதறும் இடத்திலேயே ஏலம், பேரம் படிந்ததும் அன்னக்கூடையில் மீன் ஏறிவிடும். மிஞ்சியது அதே மணலில் கருவாடாகக் காயும், கிழிந்த வலை அதே மணலில் விரித்துப் பழுது பார்க்கப்படும். படகு நிறுத்தம், ஏலக்கூடம், உலர்களம், பட்டறை எல்லாமே அந்தத் துண்டு மணல்தான். வாடகை இல்லை, தூர்வாரும் செலவும் இல்லை. காலையில் பிடித்த மீன் மதியத்துக்குள் திண்டிவனம் குழம்பில் கொதிக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் கணக்கிட்டபடி, ஒரு டன் மீன் பிடிக்க விசைப்படகு 1.18 டன் கரியமில வாயுவை வெளியிடுகிறது, வெளிப்புற மோட்டார் பொருத்திய படகு 0.59 டன். இரண்டுக்கு ஒன்று. டீசல் விலையை நினைத்துக்கொண்டு இந்த எண்களைப் படித்தால் சுற்றுச்சூழலோடு மீனவர் மடியும் தெரியும். பெரிய படகுக்காகக் கட்டும் சுவர், இந்தச் சிக்கனமான தொழில் நடக்கும் மணலையே தின்றுவிடும்.

புயல் நாளில் படகு உடைகிறதே, அலை தாண்டும்போது உயிர் போகிறதே என்று கேட்பார்கள். உண்மை, இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் படகைக் காப்பது அகன்ற மணல் மேடு. அரிப்பு வந்த குப்பங்களில் படகை ஏற்றி வைக்க இடமில்லாமல்தான் புயலுக்கு முன்னால் ஓட்டம். விஞ்ஞானம் சரிசெய்துவிடும் என்பது அடுத்த வாதம். புதுச்சேரித் தலைமைச் செயலகத்துக்கு எதிரே தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் கடலுக்குள் ஆப்பு வடிவ இரும்புக் கட்டமைப்பை இறக்கிக் கொஞ்சம் கடற்கரையை மீட்டது நிஜம். சுற்றுலாப் பயணிகள் நடக்கும் இடத்துக்கு அது கிடைத்தது, பொம்மையார்பாளையத்துக்குக் கிடைக்கவில்லை. ஐஸும் ஏலக்கூடமும் வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். ஆனால் அவற்றுக்குக் கடலுக்குள் கல் எதற்கு? மீன் இறங்குதளம், ஐஸ் அறை, உலர்களம், குப்பத்திலிருந்து பெரிய சாலைக்கு நல்ல ரோடு எல்லாம் தரையில் கட்டுபவை.

சொல்லப்போனால் இந்தத் தொழிலின் ஓட்டை கடலில் இல்லை, கரைக்கும் சந்தைக்கும் நடுவில் இருக்கிறது. மீன் விற்கும் பெண்தான் இங்கே உண்மையான சரக்குப் போக்குவரத்து. 2021 டிசம்பரில் குளச்சலில் நாற்றம் என்று சொல்லி ஒரு மூதாட்டியை அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டதையும், முதல்வரே அதைக் கண்டித்ததையும் நாடு பார்த்தது. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்துவிட்டது, கூடைக்கு இடம் வரவில்லை. அதே 2021-இல் கேரளம் திருவனந்தபுரத்தில் மீன் விற்கும் பெண்களுக்கென்றே 'சமுத்ரா' பேருந்துகளை விட்டது. மரக்காணம்–திண்டிவனம், கோட்டக்குப்பம்–விழுப்புரம் தடங்களில் காலையில் அப்படி ஒரு வண்டி விடச் சுவரும் தேவையில்லை, சுற்றுச்சூழல் அனுமதியும் தேவையில்லை.

இப்போது அழகன்குப்பத்திலும் அக்கரையில் ஆலம்பரைக்குப்பத்திலும் மீன்பிடித் துறைமுகம் என்ற திட்டம் வந்து, தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள முகத்துவாரம் வழியாகத்தான் கழுவெளி ஏரி மூச்சு விடுகிறது. 2021-இல் அதே ஏரியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்ததும் தமிழக அரசுதான். அங்கே கல் விழுந்தால் அரிப்பு வடக்கே செங்கல்பட்டு மாவட்டத்துக் குப்பங்களுக்குப் போகும், புதுச்சேரி நமக்குச் செய்ததை நாம் அவர்களுக்குச் செய்திருப்போம். இரு அரசுகளும் முதலில் அரியாங்குப்பத்தில் தேங்கும் மணலை ஆண்டுதோறும் வடக்கே கடத்திக் காட்டட்டும். அதுவரை இந்தக் கரையில் இன்னொரு கல்லும் விழக் கூடாது.